டோப்பாஸ் என்றொரு பதவி

நரிக்குடிப் பக்கம் கடல் கிடையாது. ஆனாலும் கண்மாய் வறண்ட காலங்களில் நம் சனம் தனுஷ்கோடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கும், நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்கும் பிழைக்கப் போனது. கூலிக்குப் போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கப்பலிலேயே கூலியாக இருந்தவர்களைப் பற்றிப் பேசியதில்லை.

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்கு லஸ்கர்கள் என்று பெயர். சாரங் என்ற மேஸ்திரிதான் ஆள் பிடிப்பார். தளத்துக்கு ஒரு கூட்டம், எஞ்சின் அறைக்கு ஒரு கூட்டம், சமையலுக்கும் பரிமாறவும் இன்னொரு கூட்டம் என்று மதம் பார்த்து, வட்டாரம் பார்த்துப் பிரித்தார்கள். எல்லோருக்கும் கீழே ஒருவர்: டோப்பாஸ். கக்கூஸ் கழுவுவதும் கூட்டுவதும் அவர் வேலை. அதற்குப் பெரும்பாலும் துப்புரவுச் சாதிகளிலிருந்தே ஆள் எடுத்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்களே, கம்பெனி அதைச் சம்பளப் பட்டியலில் ஏற்றிக் கூடவே கூட்டிப்போனது.

வெள்ளை மாலுமிக்கு 120 கன அடி இடம் தர வேண்டும் என்றது 1906-ஆம் ஆண்டுச் சட்டம். லஸ்கருக்கு 36 கன அடிதான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி உயரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சவக்குழி இதைவிடப் பெரிது. சம்பளமும் வெள்ளையர் வாங்கியதில் சிறு பங்குதான். 1939-இல் போர் தொடங்கியதும் பல துறைமுகங்களில் லஸ்கர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோரைச் சிறையில் போட்டார்கள்.

பிறகு நீர்மூழ்கிகள் வந்தன. டார்பிடோ எஞ்சின் அறைப் பக்கம் பாய்ந்தால் முதலில் சாவது கீழே கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பவன். 1940 செப்டம்பர் 17 இரவு, 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலை ஜெர்மனியின் யு-48 அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. கனடாவுக்குப் பாதுகாப்பாக அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். உலகம் அழுதது, அழ வேண்டியதுதான். அதே இரவில் செத்த லஸ்கர்கள் சுமார் 100 பேர். வட அட்லாண்டிக் குளிரில் அவர்கள் மேலிருந்தது மெல்லிய பருத்தித் துணி. எட்டு நாள் மிதந்து மீண்ட ஒரு படகில் இருந்த 46 பேரில் பெரும்பாலோர் லஸ்கர்களே; நமக்குச் சொல்லப்படும் கதையில் ஆறு சிறுவர்களும் வெள்ளையர்களும்தான் பேரோடு வருகிறார்கள்.

இந்தியப் பெருங்கடலும் தப்பவில்லை. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட 'திலாவா' பயணிகள் கப்பலை 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய ஐ-29 தாக்கியது. 280 பேர் மாண்டார்கள்.

அந்தப் போரில் இறந்த இந்திய வணிக மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேர். லண்டன் டவர் ஹில்லில் பிரிட்டிஷ் வணிக மாலுமிகளின் பெயர்களை வெண்கலப் பலகைகளில் பொறித்திருக்கிறார்கள். நம்மவர் பெயர்கள் ஏட்டில்தான், ஒரு படி மும்பையில், ஒரு படி சிட்டகாங்கில். போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். பலருக்கு ஒற்றைப் பெயர்தான். அதன் எதிரே கப்பல், தேதி, பதவி. சிலரது பதவி, டோப்பாஸ்.