நூறாண்டு வெள்ளமும் ஒரு கோட்டின் கதையும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹாரிஸ் கவுண்டி என்று ஒன்று உண்டு. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. ஹூஸ்டன் மாநகரம் இதில்தான் அடங்கியிருக்கிறது. இங்கே 2015 மே மாதத்தில் வெள்ளம் வந்தது. 2016 ஏப்ரலில் மறுபடியும் வந்தது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலோடு வந்தது முந்தைய இரண்டையும் மறக்கடித்துவிட்டது. இந்த மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய சொல் ‘நூறாண்டு வெள்ளம்’ என்பது. அப்படியானால் ஒரு முறை வந்தபின் நூறாண்டுக் காலம் நிம்மதியாக இருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வி உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஒரு பையில் 99 வெள்ளைக் கோலிகளும் ஒரே ஒரு கறுப்புக் கோலியும் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோலியை எடுக்கிறீர்கள். பார்த்துவிட்டு மீண்டும் பையிலேயே போடுகிறீர்கள். கறுப்புக் கோலி வந்தால் அந்த ஆண்டு வெள்ளம். இவ்வாண்டு கறுப்பு வந்தது என்பதற்காக அடுத்த ஆண்டு அது வராமல் இருக்குமா? பைக்கு நினைவு கிடையாது! நூறாண்டு வெள்ளம் என்பதன் பொருள் இவ்வளவுதான்: எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு.

அமெரிக்காவில் வீட்டுக்கடன் பெரும்பாலும் 30 ஆண்டுத் தவணை. முப்பது முறை எடுத்தும் கறுப்பே வராமலிருக்க வாய்ப்பு என்ன? 0.99 என்ற எண்ணை முப்பது முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 0.74 கிடைக்கும். அதாவது, கடன் தீர்வதற்குள் ஒரு முறையாவது வெள்ளம் வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ‘நூறில் ஒன்று’ என்று கேட்டவர் அலட்சியமாக இருந்திருப்பார். ‘நான்கில் ஒன்று’ என்றால் எழுந்து உட்காருவார். இரண்டும் ஒரே கணக்குத்தான்.

சரி, காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். தீ விபத்துக்குக் காப்பீடு எளிது. ஒரு தெருவில் ஒரு வீடு எரியும். மற்றவர்கள் கட்டிய பிரீமியத்திலிருந்து அதற்குக் கொடுத்துவிடலாம். வெள்ளம் அப்படியன்று, வந்தால் தெரு முழுவதற்கும் ஒரே இரவில் வரும். மேலும், மேட்டில் வீடு உள்ளவர் பிரீமியம் கட்ட மாட்டார். ஆற்றங்கரைக்காரர் மட்டுமே கட்டுவார். 1927-இல் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்துக்கொண்டு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை மூழ்கடித்தது; ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அதன்பின் தனியார் நிறுவனங்கள் வெள்ளக் காப்பீட்டிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டன. இன்றும் அங்கு ஒருவர் எடுக்கும் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. இதை வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

அரசு கண்ட வழி அணையும் கரையும் கட்டுவது. 1936-இல் அதற்கொரு சட்டமே வந்தது. கில்பர்ட் வைட் என்ற புவியியலாளர்தான் இதில் ஒரு சிக்கலைக் கண்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வு 1945-இல் வெளியாயிற்று. மழை இயற்கையின் செயல். சேதமோ பெரும்பாலும் மனிதன் தேடிக்கொண்டது என்பது அவர் வாதம். கரை எழுப்பியவுடன் மக்கள் அச்சம் நீங்கி அதன் பின்னால் மேலும் வீடு கட்டுகிறார்கள். கரை மீறும் நாளில் இழப்பு பன்மடங்காகிறது. ஆற்றின் இடத்தை ஆற்றுக்கு விடுவது, எச்சரிக்கை, காப்பீடு, இடம் பெயர்தல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றார் அவர்.

1965-இல் பெட்சி புயல் நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் விளைத்த பிறகுதான் அரசு அவரைத் தேடிப் போயிற்று. 1966-இல் அவர் தலைமையில் அமைந்த குழு, கட்டுப்பாடு இல்லாத காப்பீடு தாழ்நிலத்தில் வீடு கட்டுவதை ஊக்குவிக்கும் என்று எச்சரித்தது. 1968-இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அது ஒருவகைப் பண்டமாற்று: ஊராட்சி தன் தாழ்நிலத்தில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும், அதற்கு ஈடாக மத்திய அரசு அவ்வூராருக்குக் காப்பீடு வழங்கும். பழைய வீடுகளுக்குச் சலுகைக் கட்டணம். இரக்கத்தால் தந்த இந்தச் சலுகைதான் பின்னாளில் திட்டத்தின் கழுத்தைச் சுற்றிய கயிறாயிற்று என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் யாரும் வாங்கவில்லை. 1972 ஜூனில் ரேப்பிட் சிட்டி வெள்ளத்தில் 238 பேர் இறந்தனர். அதே மாதம் ஆக்னஸ் புயல் பென்சில்வேனியாவை மூழ்கடித்தது. இரண்டு இடங்களிலும் காப்பீடு வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. எனவே 1973-இல் கட்டாயம் வந்தது: வரைபடத்தில் நூறாண்டு வெள்ளக் கோட்டுக்குள் உள்ள வீட்டுக்கு வங்கிக் கடன் வேண்டுமானால் காப்பீடும் வேண்டும்.

அன்று முதல் அந்தக் கோடு மக்கள் மனத்தில் ஒரு மதில் ஆகிவிட்டது. கோட்டுக்கு உள்ளே ஆபத்து, வெளியே பாதுகாப்பு! தண்ணீர் வரைபடம் பார்த்து வருவதில்லை.

ஹாரிஸ் கவுண்டியைப் பாருங்கள். தட்டையான நிலம், நீரை எளிதில் உறிஞ்சாத களிமண், ‘பேயூ’ எனப்படும் மந்தமான ஓடைகள். அத்தகைய இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில்தான் 1836-இல் ஹூஸ்டன் தோன்றியது. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பின் 1937-இல் வெள்ளத் தடுப்புத் துறை அமைந்தது. 1940-களில் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரு அணைகள் எழுந்தன. பின்னர் அந்நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் நீர் பரவக்கூடிய தனியார் நிலத்திலேயே வீடுகள் முளைத்தன. வைட் சொன்னது அப்படியே நடந்தது.

இன்னொரு விந்தையும் இங்கு உண்டு: நிலமே கீழே இறங்கியது. தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியிலிருந்த களிமண் அடுக்குகள் அமுங்கின. பேடவுன் நகரின் பிரவுன்வுட் குடியிருப்பு சில பத்தாண்டுகளில் பல அடி தாழ்ந்தது. 1983-இல் அலீசியா புயல் அதை அழித்தபின் அங்கு மறுபடி வீடு எழவில்லை. இப்போது அது பறவைகள் வந்து தங்கும் இயற்கைப் பூங்கா.

2017-க்கு வருவோம். ஹார்வி நான்கு நாளில் கவுண்டி முழுவதும் சராசரியாக 33 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. சுமார் 1,54,000 வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த நூறாண்டுக் கோட்டுக்கு வெளியே இருந்தவை! காப்பீடு இல்லாதவையும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. காப்பீட்டுத் திட்டமோ ஏற்கெனவே கடனில் இருந்தது. அவ்வாண்டில் நாடாளுமன்றம் அதன் கடனில் 1,600 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது.

கோடே தவறா என்றால், அது பழைய மழைக்குப் போட்ட கோடு. ஒரே நாளில் சுமார் 13 அங்குலம் பெய்வதே ஹூஸ்டனில் நூறாண்டு மழை என்று கணக்கிட்டிருந்தார்கள். 2018-இல் புதிய பதிவுகளையும் சேர்த்து மீண்டும் கணக்கிட்டபோது அது சுமார் 18 அங்குலமாக உயர்ந்தது. பையில் கறுப்புக் கோலிகள் நாம் எண்ணியதைவிட அதிகம்.

2021 அக்டோபரிலிருந்து கட்டணம் நிர்ணயிக்கும் முறை மாறியது. கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதோடு நில்லாமல், வீடு நீரிலிருந்து எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட என்ன செலவு என்று ஒவ்வொரு வீடாகப் பார்க்கிறார்கள். சிலருக்குக் கட்டணம் குறைந்தது, பலருக்கு ஏறியது. பிரீமியம் கட்ட முடியாத எளிய குடும்பம் என்ன செய்யும் என்பதற்கு இம்முறையில் விடை இல்லை. குடியிருப்புக் கட்டடத்துக்கு உச்ச வரம்பு இரண்டரை லட்சம் டாலர். வாங்கிய பின் பொதுவாக முப்பது நாள் காத்திருந்தால்தான் அது செல்லும்; புயல் செய்தி கேட்டு ஓடினால் பயனில்லை.

மீண்டும் மீண்டும் மூழ்கும் வீடுகளை, உரிமையாளர் இசைந்தால், கவுண்டியே அரசுப் பணத்தில் விலைக்கு வாங்கி இடித்துவிடுகிறது. அப்படி வாங்கிய மனையில் இனி எக்காலத்திலும் வீடு கட்டக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். ஹூஸ்டன் தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே வெறும் புல்தரையாகக் கிடக்கும் மனைகளை இன்று காணலாம்.