தாத்தா வீட்டு மட்டப்பா

கும்பகோணத்தில் தாத்தா வீட்டு மாடியைப் பழுதுபார்க்க இறங்கியபோதுதான், மட்டப்பா அல்லது மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் அந்தக் கூரையின் அடுக்குகளைக் கண்ணால் பார்த்தேன். தேக்குக் கட்டைகள்; அவற்றின்மேல் மூலைவாட்டில் குத்தி நிறுத்திய மெல்லிய செங்கல்; அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டிக் கெட்டித்த தளம்; கடைசியாகத் தட்டோடு. சித்திரை வெயில் கூடத்துக்குள் இறங்குவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும்.

கான்கிரீட் வந்தபின் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். வெயிலைத் தடுக்கும் கூரை எரிசக்தியையும் மிச்சப்படுத்தும்; அந்த எரிசக்தியைச் சேமிக்க 2001இல் சட்டம், 2007இல் வணிகக் கட்டடங்களுக்கு விதித்தொகுப்பு, 2018இல் வீடுகளுக்கு ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ எல்லாம் வந்தன. ஆனால் இந்தக் கட்டட விதிகள் முதலில் நினைப்பது புதிதாகக் கட்டுவோரைத்தான். நான் கடன் கேட்ட வங்கியில், பழைய கூரையை இடித்துக் கான்கிரீட் போட்டால் தருகிறோம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. கைக்காசில் செல்லரித்த மூன்று கட்டைகளை மட்டும் மாற்றினேன்.

உங்கள் வீட்டிலும் மட்டப்பா இருந்தால், இடிக்கும் முன் வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.