ஓமந்தூராரும் ஒருங்குறியும்



"வாட்ஸப்பில் தமிழ் வருகிறது, செல்போனில் தமிழ் வருகிறது. அப்புறம் ஏன் சார் கட்டற்ற மென்பொருள், டிஜிட்டல் உரிமை என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பதிலை நம் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947-இல் சென்னை மாகாண முதல்வரானார். பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை அப்போது ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்ததற்காக டி.கே.எஸ். சகோதரர்கள் மீது வழக்கு வந்தது. மகாகவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். மெய்யப்பர் தம் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1949-இல் ஓமந்தூரார் அரசு பாரதி படைப்புகளைப் பொதுவாக்க முடிவு செய்தது. குடும்பத்தாருக்கு உரிய தொகையும் கொடுத்தது. உழைத்தவருக்குக் கூலி உண்டு, ஆனால் பாட்டுக்குப் பூட்டு இல்லை. இதுதான் அதிலுள்ள நியாயம்.

இதே சிக்கல் 50 ஆண்டு கழித்து கணினியில் வந்தது. அன்றைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதி 128-இல் தமிழின் 247 எழுத்துகளையும் காட்டியாக வேண்டும். அதனால் உயிர்மெய்யைத் துண்டுதுண்டாக உடைத்து, எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் வைத்தார்கள். ஒருவர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ழ' வைத்திருப்பார். வினாத்தாளை ஒரு கணினியில் அடித்து இன்னொன்றில் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதே எழுத்துருவை அங்கேயும் வாங்கிப் போட வேண்டும். எழுதியது நாம், சாவி வேறொருவர் கையில்!

இதைத் தீர்க்கப் பலர் பாடுபட்டார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை அடித்துத் தர, அவை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தன. 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதன் பயனாக அரசு 'தமிழ்99' விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்ற குறியீடுகளையும் அறிவித்தது.

நிலைத்த தீர்வு யூனிகோடு, அதாவது ஒருங்குறி. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் 'அ'வின் எண் 2949. மயிலத்திலும் 2949, மலேசியாவிலும் 2949. இதற்கு யாரும் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். அதில் தமிழுக்கு இடம் போதாது என்ற குறை தமிழறிஞர்களுக்கு இருந்தது, அது நியாயமான குறைதான். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில் தமிழக அரசு ஒருங்குறியையே தரமாக ஏற்று ஆணையிட்டது. மாற்று வழியாக 'டேஸ்16' குறியீட்டையும் ஏற்றது.

2011-இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். அதில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொன்றும் இருந்தது, நினைவிருக்கிறதா? நம் நாட்டு அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது அது. பெரும்பாலோர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் கட்டற்ற மென்பொருள். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கத்தின் வழியில் வந்தது. விதைநெல்லைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க நாம் யாரிடமாவது அனுமதி கேட்டோமா? அதுபோலத்தான் இதுவும்.

இப்போது ஒரு வேண்டுகோள். நம் ஊர்க் கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், தாத்தா சொல்ல எழுதிவைத்த குடும்ப வரலாறு என எத்தனையோ பழைய எழுத்துருக்களில் சிடியிலும் பழைய கணினியிலும் கிடக்கின்றன. அந்தக் கணினி பழுதானால் அவையும் போய்விடும். ஓலைச்சுவடி செல்லரித்த கதையை வகுப்பில் படித்தோமே, அது இப்போது சிடியில் நடக்கிறது. பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மாற்றியபின் 'ழ', 'ள', 'ண' சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். சென்னை, பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் மாணவர்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இதில் உதவினால் நன்றாக இருக்கும்.

எல்லோரும் நலமோடு வாழ மயிலம் முருகன் அருள்புரியட்டும்.