கடவுளின் இரண்டாவது புஸ்தகம்

தமிழ் உரைநடையின் வரலாற்றை நம் விமர்சகர்கள் சொல்லும்போது வீரமாமுனிவர், ஆறுமுக நாவலர், வேதநாயகம் பிள்ளை, ராஜமய்யர் என்று ஒரு வரிசை வருகிறது. வரிசையில் குற்றமில்லை. ஆனால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சான 1879-க்குப் பன்னிரண்டு வருஷம் முன்னதாகவே ‘இரண வைத்தியம்’ என்ற பெரிய அறுவைச் சிகிச்சை நூல் தமிழில் வந்துவிட்டது. 1858-ல் லண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கு வருஷங்களில், 1872-ல், ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகியிருக்கிறது. இவை இலக்கியம் இல்லையே என்பார்கள். இல்லைதான். ஆனால் ஒரு மொழி எதையெல்லாம் சொல்ல வல்லது என்று கேட்கிறவன் இவற்றை ஒதுக்க முடியாது.

பெண் உடலைப் பாதாதிகேசமாக வர்ணித்துப் பழகிய மொழி இது. அதே உடலை நாறும் சடலம் என்று இகழவும் பழகிய மொழி. நம் வைத்திய ஏடுகள் செய்யுளில், மனப்பாடத்துக்காக, குருவிடம் கேட்டவனுக்கே விளங்கும்படி எழுதப்பட்டவை. புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் நடுவே, ஓர் எலும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் எந்தத் தசை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று உவமை இல்லாமல் உரைநடையில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் தமிழுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஏற்பட்டது. ஏற்படுத்தியவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர். நான் இந்தப் புத்தகங்களிடம் உரைநடைக்காகத்தான் போனேன். ஆனால் அவற்றின் பின்னால் இருக்கும் பிரச்னை உரைநடை அல்ல, விசுவாசம். உயிரியலை ஒருவன் கிறிஸ்தவனாக இருந்துகொண்டு கற்பதும் கற்பிப்பதும் எப்படி, அதனால் என்ன கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்பதற்கு மானிப்பாயைவிட நல்ல உதாரணம் தமிழில் எனக்குத் தெரியவில்லை.

கிரீன் 1822-ல் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். 1845-ல் நியூயார்க்கில் டாக்டர் பட்டம். 1847-ல் யாழ்ப்பாணம், அடுத்த வருஷம் மானிப்பாய். இடையில் 1857 முதல் 1862 வரை ஊரில் இருந்ததைத் தவிர, 1873 வரை அங்கேதான். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களை டாக்டர்களாக்கினார். நூல்களில் காணும் சாப்மன், டான்ஃபோர்த், பால் என்ற பெயர்களைப் பார்த்து அவர்களையும் அமெரிக்கர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் தமிழர்கள். மிஷன் பள்ளியில் ஒரு பையனுடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரைப் பையனுக்கு வைத்துவிடும் வழக்கம் இருந்தது. உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் தமிழ்ப் பெயர் தேடியவர்கள் தங்கள் சொந்தப் பெயரை இப்படி இழந்திருந்தார்கள்.

கிரீனின் விசுவாசத்துக்கு ஒரு நீண்ட பூர்வீகம் உண்டு. கடவுள் இரண்டு புஸ்தகங்கள் எழுதினார்; ஒன்று வேதம், மற்றது இயற்கை என்பது ஐரோப்பியக் கிறிஸ்தவத்தின் பழைய எண்ணம். பதினேழாம் நூற்றாண்டில் இந்த எண்ணம் கையில் கத்தியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டது. ஹாலந்தில் யான் ஸ்வாமர்டாம் ஒரு பேனை அறுத்துப் பார்த்துவிட்டு, அதன் உடற்கூற்றில் கடவுளின் விரலைக் கண்டதாக நண்பருக்கு எழுதினார். சிங்கத்திலோ கழுகிலோ அல்ல, பேனில். அற்பமானது என்று எதுவுமே இல்லை என்ற இந்த மனோபாவம் இல்லாமல் உயிரியல் பிறந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அதே ஸ்வாமர்டாம் 1670-களில், படைத்தவனை மறந்து படைப்பில் மயங்குகிறோமோ என்ற பயத்தில் மனம் குலைந்து, ஆராய்ச்சியையே கொஞ்ச காலம் கைவிட்டு ஒரு ஞானப் பெண்மணியின் பின்னால் போனார். அவர் 1680-ல் இறந்தார்; முக்கியக் குறிப்புகள் அச்சேற ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. கண்ணைத் திறந்ததும் மூடியதும் ஒரே விசுவாசம்.

இங்கிலாந்தில் இது இவ்வளவு கொந்தளிப்பாக இல்லை. ஜான் ரே 1691-ல் சிருஷ்டியில் வெளிப்படும் கடவுளின் ஞானத்தைப் பற்றி எழுதினார். அந்த வழியில் வந்த வில்லியம் பேலி 1802-ல் கடிகாரத்தைக் காட்டிக் கடிகாரக்காரனை நிரூபிக்கும் தர்க்கத்தைப் பிரபலமாக்கினார். பேலியின் புஸ்தகத்தில் பாதி, உடற்கூறு: கண், மூட்டு, தசைநாண். இளம் டார்வின் அதை விரும்பிப் படித்தார் என்பது வரலாற்றின் குறும்பு. கிரீன் படித்த காலத்து அமெரிக்காவில் இந்தத் தர்க்கம் பள்ளிக்கூடம்வரை இறங்கியிருந்தது. உடலின் விதிகள் கடவுளின் விதிகள். ஆகவே குடிப்பதும், இடுப்பை இறுக்கி உடுத்துவதும், காற்றில்லாத அறையில் தூங்குவதும் ஒருவகைக் கீழ்ப்படியாமை. அப்படிப்பட்ட பள்ளிப் பாடநூல் ஒன்றை எழுதிய கால்வின் கட்டரைத்தான் கிரீன் 1850-களில் முதலில் தமிழாக்கினார்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் விஞ்ஞானத்தைப் பயன்படுத்தியதற்கு வேறொரு முன்மாதிரியும் இருந்தது. வட்டுக்கோட்டை செமினரியில் டேனியல் பூர் வானசாஸ்திரம் கற்பித்தார். 1829-ல் நேர்ந்த சந்திர கிரகணத்தில் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணக்கின் பிழையை ஊரறியக் காட்டினார். அங்கே விஞ்ஞானம் ஓர் ஆயுதம். புராணத்தின் பூகோளம் சரிந்தால் சைவம் சரியும் என்பது அவர்கள் கணக்கு. அது தப்புக்கணக்கு. செமினரியில் படித்த சைவர்கள் கிரகணத்தைச் சரியாகக் கணித்துக்கொண்டு சைவர்களாகவே இருந்தார்கள். உடலைக் கொண்டு இப்படிச் சண்டை போட முடியாது. காலராவில் சுருண்டு கிடப்பவனிடம் யாருடைய பூகோளம் சரி என்று விவாதிக்க இயலாது. கிரீனுக்கு நாட்டு வைத்தியர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அவர்கள் சொற்கள் இல்லாமல் அவருக்கு ஒரு பக்கம் நகராது. சொல் வேண்டும்போது முதலில் தமிழில் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் ஸம்ஸ்கிருதம், அதுவும் உதவாவிட்டால் ஆங்கில ஒலியையே தமிழாக்கிக்கொள்வது என்று முறை வைத்துக்கொண்டார். ‘கெமிஸ்தம்’ அப்படிப் பிறந்த சொல். ஆங்கிலத் தலையில் தமிழ் வால். அந்தப் பெயரில் 1875-ல் நூல் அச்சானது நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த சொல் ‘சுகரணம்’. ஃபிஸியாலஜிக்கு அவர்கள் வைத்த பெயர். சுக-ரணம் என்று பிரித்து யாராவது பயந்திருக்கவும் கூடும். சு-கரணம் என்றால் நன்றாக அமைந்த செயல் அல்லது கருவி. பிற்காலத்தில் வந்த உடலியங்கியல், உடற்றொழிலியல் போன்ற சொற்கள் உடல் இயங்குகிறது என்று மட்டும் சொல்கின்றன. அது நன்றாகச் செய்யப்பட்டது என்ற தீர்ப்பு அவற்றில் இல்லை. சுகரணத்தில் இருக்கிறது. பேலியின் தர்க்கம் முழுவதும் அந்த ஒற்றை ‘சு’வில் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது. சொல்லை உண்டாக்கியவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்களா என்பது வேறு விஷயம். சொற்கள் அவற்றை ஆக்கியவர்களின் உலகத்தைச் சுமக்காமல் இருப்பதில்லை.

இந்தச் சுகரணத்துக்குள் வந்து சேர்ந்த சரக்கு எது என்று பார்த்தால் ஆச்சரியம். 1883-ல் வெளிவந்த ‘மனுஷ சுகரணம்’ நியூயார்க்கின் ஜான் டால்ட்டன் எழுதிய நூலைத் தழுவியது. டால்ட்டன் பாரிஸில் க்ளாத் பெர்னாரிடம் படித்தவர். உயிருள்ள மிருகத்தை அறுத்து மாணவர் முன் சோதனை செய்து காட்டும் முறையை அமெரிக்க வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர். ஈரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்பதைச் சோதனையில் காட்டிய பெர்னாரின் கூடத்தில் கடிகாரக்காரனுக்கு வேலை இல்லை. என்ன நடக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. எதற்காக, யாரால் என்பதல்ல. கடவுளின் இரண்டாவது புஸ்தகத்தைத் தமிழருக்கு வாசித்துக்காட்ட வந்த மனிதர், ஆசிரியர் பெயர் கிழிக்கப்பட்ட பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுப்பது இன்னதென்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பொருட்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். ஈரல் சர்க்கரை செய்வது உண்மையென்றால் அது அவருக்குக் கர்த்தருடைய உண்மை. விவாதம் முடிந்தது.

1859-ல் டார்வினின் நூல் வெளியானபோது கிரீன் அமெரிக்காவில் விடுமுறையில் இருந்தார். அவருடைய சொந்த மாநிலமான மாஸசூஸெட்ஸில், ஹார்வர்டில், லூயி அகாஸி ஒவ்வோர் இனமும் தனித்தனியே படைக்கப்பட்டது என்று வாதாட, கிறிஸ்தவ விசுவாசியான ஆஸா கிரே டார்வினுக்காகப் பேசினார். கிறிஸ்தவ உலகப் பார்வை என்று நாம் ஒருமையில் சொல்வது எவ்வளவு பிசகு என்பதற்கு இந்த இருவரும் போதும். இந்தச் சூட்டிலிருந்து கிரீன் 1862-ல் மானிப்பாய் திரும்பினார். அவர் வெளியிட்ட நூல்களின் பட்டியல்: அறுவைச் சிகிச்சை, பிரசவம், உடற்கூறு, உடலியல், பொது மருத்துவம், ரசாயனம், மருந்துச் சரக்கு. தாவரங்களின் வகைப்பாடு இல்லை. மிருகங்களின் ஒப்பீட்டு உடற்கூறு இல்லை. இனங்களின் தோற்றம் இல்லை. டாக்டருக்கு வேண்டியதை டாக்டர் தேர்ந்தெடுத்தார் என்று சமாதானம் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் விளைவு என்ன? மனித உடல் தமிழுக்கு முழுசாக வந்தது. அந்த உடல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கூட வரவில்லை.

இது பழைய கதை அல்ல. நான் படித்தது ஒரு மிஷன் கல்லூரியில். விலங்கியல் பேராசிரியர் அருமையான ஆசிரியர். மெழுகுத் தட்டில் தவளையைக் குத்துவதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடுவார். ‘ஜெபமா சார்?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘அடுத்தவன் வீட்டுக்குள்ள போறோம் தம்பி, கதவைத் தட்ட வேண்டாமா?’ என்றார். தவளையின் ரத்தக் குழாய்களை அவர் திறந்து காட்டிய நேர்த்தியை அதற்குப் பிறகு நான் எங்கும் கண்டதில்லை. பரிணாமம் வந்த வாரம் மட்டும் பாடப்புத்தகத்தைத் திறந்து வரிவரியாக வாசித்தார். கேள்வி கேட்டவனிடம் பரீட்சைக்கு இவ்வளவு போதும் என்றார். மறுப்பும் இல்லை, ஏற்பும் இல்லை. இதை நான் பாசாங்கு என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு தவளைக்கு முன்னால் விசுவாசமும் சாஸ்திரமும் ஒரே பக்கம் குனிந்து பார்க்கலாம். அந்தத் தவளைக்குக் காலம் என்று ஒன்றைக் கொடுத்தவுடன், கோடிக்கணக்கான வருஷங்களை அதன் முதுகில் ஏற்றியவுடன், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தாக வேண்டும். மானிப்பாயும் என் பேராசிரியரும் அந்தப் பார்வையை ஒத்திப்போட்டார்கள்.

ஆனால் வேறொரு விஷயத்தில் கிரீன் நம்மில் பலரைவிட முன்னால் போனார். ஆரம்பத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். 1864 முதல் தமிழுக்கு மாற்றினார். தமிழ்ப் பற்று என்று இதை உடனே கொண்டாட வேண்டாம். ஆங்கிலம் உத்தியோகஸ்தர்களைத்தான் உண்டாக்குகிறது, சபையை அல்ல என்ற முடிவில் மிஷன் 1855-லேயே வட்டுக்கோட்டை செமினரியை மூடியிருந்தது. தாய்மொழி என்பது சுவிசேஷத் தந்திரமும்தான். கிரீனின் காரணத்தில் இதுவும் உண்டு. ஆங்கிலம் படித்த மாணவன் தொப்பி, பூட்ஸ், கால்சட்டையோடு ஊரைவிட்டு நகர்ந்துவிடுகிறான் என்பது அவருடைய தீராத குறை. கிறிஸ்தவனாகலாம், தமிழனாக இல்லாமல் போகக்கூடாது என்பது அவர் நிலை. வேட்டியும் சால்வையும் நீடிக்க வேண்டும் என்றார். இதில் வெள்ளைக்காரப் பெரியதனம் இல்லாமலில்லை. தமிழன் எதை உடுத்தவேண்டும் என்று மாஸசூஸெட்ஸ்காரர் ஏன் சொல்ல வேண்டும்? ஆனாலும் அவருடைய இறையியலைக் கடைசிவரை தர்க்கமாகத் தொடர்ந்தால் வந்து நிற்கும் இடம் இதுதான்: உடல் கடவுள் எழுதிய புஸ்தகம் என்றால் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டதல்ல. அதை வாசிக்க ஆங்கிலம் நிபந்தனை ஆகாது. நம்முடைய மதச்சார்பற்ற பல்கலைக்கழகங்கள் இந்தத் தர்க்கத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இன்றும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ராஜாஜியும் நண்பர்களும் 1916-ல் சேலத்தில் தமிழில் விஞ்ஞானச் சொற்கள் ஆக்க ஒரு சங்கம் தொடங்கியபோது ‘இரண வைத்தியத்’துக்கு நாற்பத்தொன்பது வயது ஆகியிருந்தது.

முயற்சி தோற்றதற்கு விசுவாசம் காரணமல்ல, மொழியின் இயலாமையும் காரணமல்ல. தமிழில் கற்ற முப்பத்துமூன்று பேரும் கிராமங்களில் இருந்து தொழில் செய்ய வேண்டியவர்கள். அரசாங்கச் சம்பளம் ஆங்கிலம் தெரிந்தவனுக்கு. 1870-ல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. யாழ்ப்பாணத்துத் தகப்பன் தன் மகனை எங்கே அனுப்புவான் என்று கேட்கத் தேவையில்லை. கிரீன் 1873-ல் ஊர் திரும்பி, வூஸ்டர் பண்ணை வீட்டில் இருந்துகொண்டு தமிழ்ப் பிரதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 1884-ல் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறைக் கல்லில் பொறிக்கச் சொல்லியிருந்தார். அந்த வரிசையின் பிந்திய நூலான ‘இந்து பதார்த்த சாரம்’ 1888-ல் வந்தது. கொழும்புப் பள்ளி கல்லூரியாகி அப்போது எட்டு வருஷம்.