முத்திரை (கருநாடக இசை)

கருநாடக இசையில் முத்திரை என்பது, ஓர் உருப்படியை இயற்றியவர் தம்மை அடையாளம் காட்டும் பொருட்டு அதன் சாகித்தியத்தில் அமைக்கும் சொல் அல்லது சொற்றொடர் ஆகும். கீர்த்தனை, பதம், தில்லானா முதலிய உருப்படிகளில் இது பெரும்பாலும் இறுதிச் சரணத்தில் இடம்பெறும். பல்லவி, அனுபல்லவியை அடுத்து ஒரே சரணம் உள்ள கீர்த்தனையாயின் அச்சரணத்திலேயே வரும். நாட்டியத்தில் கைகளால் காட்டப்படும் முத்திரை இதனின்றும் வேறானது.

தோற்றம்

பாடலின் முடிவில் பாடியவரின் பெயரை வைக்கும் வழக்கம் தமிழில் கீர்த்தனைகளுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் பதிகங்களில் இறுதிப் பாடல் அவருடைய பெயரையும், ஊராகிய சீர்காழியையும், அப்பதிகத்தைப் பாடுவோர் அடையும் பயனையும் கூறும். இப்பாடலைத் திருக்கடைக்காப்பு என்பர். சுந்தரர் தம்மை ஊரன், ஆரூரன் என்று குறிப்பிடுகிறார். நம்மாழ்வார் சடகோபன் என்றும், ஆண்டாள் கோதை என்றும் தம் பெயரை அமைத்துள்ளனர். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் முடிவுப் பாசுரங்கள் பெயருடன் பாடல்களின் எண்ணிக்கையையும் சொல்வதால், இடையில் பாடல் சேர்க்கப்படுவதற்கோ விடுபடுவதற்கோ உள்ள வாய்ப்பு குறைகிறது. ஓலைச்சுவடி வழியாகவும் வாய்மொழியாகவும் பாடல்கள் பரவிய காலத்தில் இது ஒரு பாதுகாப்பாக விளங்கியது.

12ஆம் நூற்றாண்டில் வடமொழியில் கீதகோவிந்தம் இயற்றிய ஜெயதேவரும் தம் அட்டபதிகளில் பெயரைப் பதித்துள்ளார். கன்னட ஹரிதாசர்கள் இதனை அங்கிதம் என்பர். புரந்தரதாசரின் அங்கிதம் "புரந்தர விட்டல" என்பதாகும்.

வகைகள்

1. சுயநாம முத்திரை: இயற்றியவர் தம் பெயரையே அமைப்பது. தியாகராஜ சுவாமிகள் (1767–1847) இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

2. இதரநாம முத்திரை: வேறு பெயரை, பெரும்பாலும் இட்ட தெய்வத்தின் பெயரை அமைப்பது. முத்துசுவாமி தீட்சிதரின் "குருகுக" என்பது முருகனின் பெயர்.

இவற்றைத் தவிர, உருப்படியின் இராகப் பெயரைச் சாகித்தியத்திலேயே அமைப்பது இராக முத்திரை எனப்படும். தீட்சிதரின் பாடல்களில் இது மிகுதி. சில இடங்களில் இராகப் பெயர் இரு சொற்களுக்கிடையே பிரிந்து, பொருள் கெடாமல் அமைந்திருக்கும்.

சில முத்திரைகள்

- சியாமா சாஸ்திரிகள் (1762–1827): சியாமகிருஷ்ண
- சுவாதித் திருநாள் (1813–1846): பத்மநாப
- சேத்ரக்ஞர்: முவ்வகோபால
- கோபாலகிருஷ்ண பாரதியார்: கோபாலகிருஷ்ண
- பட்டணம் சுப்பிரமணிய ஐயர்: வேங்கடேச
- மைசூர் வாசுதேவாச்சாரியார்: வாசுதேவ
- அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்: ஹரிகேச
- கோடீசுவர ஐயர்: கவிகுஞ்சரதாசன் (இவருடைய பாட்டனார் கவிகுஞ்சர பாரதி)
- பாபநாசம் சிவன் (1890–1973): ராமதாசன்

அமைக்கும் முறை

முத்திரை பாடலின் பொருளோடும் எதுகையோடும் இயைந்து வர வேண்டும். அம்பிகை கண்ணனின் தங்கை எனப்படுவதால், சியாமா சாஸ்திரிகள் அவளைச் சியாமகிருஷ்ணனின் உடன்பிறந்தவள் என விளிக்கிறார். இதனால் தெய்வத்தின் புகழும் இயற்றியவரின் அடையாளமும் ஒரே தொடரில் அமைந்துவிடுகின்றன. சுவாதித் திருநாள் பத்மநாப என்பதற்கு ஈடாக பங்கஜநாப, சரசிஜநாப, ஜலஜநாப போன்ற சொற்களையும் கையாண்டார். இவை அனைத்துக்கும் உந்தியில் தாமரையை உடையவன் என்பதே பொருள். எதுகைக்கும் தாள அளவுக்கும் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ள இது வழி செய்தது.

முத்திரையும் ஆசிரியர் உரிமையும்

முத்திரையை மட்டும் கொண்டு இயற்றியவரை முடிவு செய்வது எப்போதும் சரியாகாது. இதற்குப் பின்வரும் காரணங்கள் உள்ளன.

முதலாவது, முத்திரைச் சொல் தெய்வப் பெயராகவும் இருக்கலாம். தியாகராஜர் என்பது திருவாரூர் இறைவனின் பெயரும் ஆகும். அவ்விறைவன் மீது பேகடா முதலிய இராகங்களில் தீட்சிதர் பாடிய கீர்த்தனைகளில் தியாகராஜ என்னும் சொல் வருகிறது. அங்கு அது பாட்டுடைத் தலைவனைக் குறிக்கும்; குருகுக என்பதே முத்திரையாகும்.

இரண்டாவது, ஒரே முத்திரையை ஒருவருக்கு மேற்பட்டோர் கையாண்டிருக்கலாம். தெலுங்கில் பாடிய பத்ராசல ராமதாசரும் தமிழில் மிகுதியாகப் பாடிய பாபநாசம் சிவனும் இதற்குச் சான்று. இங்கு மொழி வேறுபாட்டால் குழப்பம் குறைகிறது.

மூன்றாவது, புகழ்பெற்றவரின் முத்திரையைப் பிறர் எளிதில் அமைத்துவிட முடியும். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் 220க்கு மேல் இடம்பெற்றன. அந்நூலில் காணப்படாத பல கீர்த்தனைகள் குருகுக முத்திரையுடன் பின்னர் அச்சேறின. அவற்றுள் சிலவற்றை ஆய்வாளர்கள் ஐயத்துடன் நோக்குகின்றனர். இத்தகைய நிலையில் சாகித்தியத்தின் மொழிநடை, இராகத்தைக் கையாளும் முறை, எதுகை அமைப்பு, சீடர் பரம்பரையின் பாடாந்தரம், பழைய சுவடிகள் ஆகியவற்றையும் சேர்த்து ஆராய வேண்டும். எனவே முத்திரை ஒரு சான்று மட்டுமே. முடிந்த தீர்ப்பு அன்று.

கச்சேரி வழக்கம்

பல சரணங்கள் கொண்ட கீர்த்தனைகளில் நேரம் கருதி ஒரு சரணத்தை மட்டும் பாடுவதுண்டு. அப்போது முத்திரை உள்ள சரணத்தைத் தேர்ந்தெடுப்பதே பெருவழக்கு. இயற்றியவரின் பெயர் அவையில் ஒலிக்காமல் பாடலை முடிக்கலாகாது என்னும் மரபே இதற்குக் காரணம்.

பிற மரபுகளில்

மராத்திய அபங்கங்களில் துக்காராம் தம் பெயரை இறுதியில் அமைத்துள்ளார். வங்காள வைணவப் பாடல்களில் இது பணிதா எனப்படும். உருது கசல்களில் கவிஞரின் புனைபெயர் தகல்லுஸ் எனவும், அது இடம்பெறும் இறுதி ஈரடி மக்தா எனவும் வழங்கும். காலிப் என்பது அவ்வாறான ஒரு புனைபெயரே.

இவற்றையும் பார்க்கவும்

- கீர்த்தனை
- வாக்கேயகாரர்
- திருக்கடைக்காப்பு
- கருநாடக இசை மும்மூர்த்திகள்