உடுவுருக் கலங்களும் ஈரற்கொழுப்பு நோயும்

1876 ஆம் ஆண்டிலே கார்ல் வொன் குப்பர் என்னும் ஜேர்மன் உடலமைப்பியலறிஞர் ஈரலில் நரம்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். பொற்குளோரைட்டுக் கரைசலில் ஊறிய ஈரற்றுண்டுகளை நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, நுண்குருதிக்குழாய்களை ஒட்டிக் கிளைவிட்டுக் கிடந்த கருநிறக் கலங்களே தென்பட்டன. அவற்றை அவர் உடுவுருக் கலங்கள் என்றார். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது இன்னதென்றும் தெளிவாகவில்லை.

இருபதாண்டுகளுக்கு மேற் கழிந்தபின், குருதியிற் செலுத்திய துணிக்கைகளை விழுங்கும் கலங்களை அவர் ஈரலிற் கண்டார். முன்னர்க் கண்டவையும் இவையே எனத் துணிந்தார். மெச்னிக்கோவின் தின்குழியக் கொள்கை பரவியிருந்த காலம் அது. ஆதலின் அம்முடிபு எளிதில் ஏற்கப்பட்டது. அக்காலத்திலேயே போலந்து அறிஞர் புரோவிச்சும் விழுங்கும் கலங்களைத் தாமாக இனங்கண்டிருந்தார். எனினும் உலக வழக்கில் நிலைத்தது குப்பரின் பெயரே.

1971 இல் யப்பானிய அறிஞர் கெஞ்சிரோ வாக்கே பழைய பொற்குளோரைட்டு முறையை மீளச் செய்து பார்த்தார். குப்பர் முதலிற் கண்டவை தின்குழியங்கள் அல்ல. விற்றமின் ஏ சேமிக்கும் வேறு கலங்கள் என்பது புலனாயிற்று. குப்பர் கலம் குப்பர் முதலிற் கண்ட கலமன்று!

இதனை வெறும் பெயர்க்குழப்பமெனத் தள்ளிவிடல் ஆகாது. 1980 இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்திலே லுட்விக்கும் துணைவரும் 20 நோயாளரின் ஈரலை ஆராய்ந்து, மதுவால் விளையும் அழற்சியை ஒத்த நிலை மது காரணமாகாதவரிடத்தும் உண்டெனக் காட்டினர். அதுவரை, குடிப்பதில்லை என்ற நோயாளியின் சொல் ஐயத்துடனேயே கேட்கப்பட்டது.

ஆயினும் கொழுப்புப் படிந்த ஈரல் யாவும் தழும்புறுவதில்லை. எதனால்? கொழுப்பால் நலிந்து மடியும் ஈரற்கலங்களைக் குப்பர் கலங்கள் உணர்ந்து அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. குருதியிலிருந்து ஒற்றைக்குழியங்களையும் அழைக்கின்றன. இவற்றின் தூண்டலால் உடுவுருக் கலங்கள் தம் விற்றமினை இழந்து, தழும்பின் நாரான கொலாஜனை ஆக்கத் தொடங்குகின்றன. பல பத்தாண்டுகள் ஒன்றெனக் கருதப்பட்ட இரு கலங்களின் உறவிலேயே நோயின் போக்குப் பெரிதும் தங்கியுள்ளது. அவற்றைப் பிரித்தறியாதவரை இவ்வினாவை எழுப்பவும் இயலாதிருந்தது எனலாம். 2020 அளவில் எலிகளிற் செய்த ஆய்வுகளோ, நோய் முதிருங்கால் பழைய குப்பர் கலங்கள் பல மடிய, என்புமச்சையிலிருந்து வந்த புதியவை அவ்விடத்தைப் பிடிப்பதைக் காட்டின.

'மதுசாராத' என்ற அடைமொழியுடன் வழங்கிய நோய்ப்பெயர் 2023 இல் அனுசேபக் கோளாற்றைச் சுட்டும் பெயராக மாற்றப்பட்டது. உடுவுருக் கலம் என்னும் பெயரும் உரிய கலத்துக்கே மீண்டுள்ளது. தின்குழியங்கள் மட்டும் இன்றும் குப்பரின் பெயராலேயே வழங்குகின்றன.