மறதிநோயும் மசித்த உணவும்

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால் "ஆரோ நினைக்கினம்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது எம்மவர் வழக்கம். உணவுக்குழாய்க்குள் போகவேண்டிய ஒரு பருக்கை வழிதவறி மூச்சுக்குழாயின் வாசலை எட்டிப் பார்க்கிறது. உடல் இருமி அதைத் துரத்துகிறது. புரையேறல் என்பது இவ்வளவுதான். அந்த இருமலை ஒரு காவற்காரன் என்று சொல்லலாம். டிமென்சியா எனப்படும் மறதிநோய் முற்றும்போது இந்தக் காவற்காரனும் சில வேளைகளில் உறங்கிவிடுகிறான். உணவோ தண்ணீரோ சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்கும். அருகிலிருந்து ஊட்டுபவருக்கே தெரியாது. சில நாட்களில் காய்ச்சல் வரும். வைத்தியர் நியூமோனியா என்பார். டிமென்சியா உள்ளவர்களின் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் அது ஒன்று.

நான் வசிக்கும் ரூஜ் பகுதியிலும் அதைச் சூழ்ந்த ஸ்காபரோவிலும் 1983 க்குப் பின்னர் வந்து குடியேறியவர்களும், அவர்கள் பிற்பாடு அழைத்துக்கொண்ட பெற்றோரும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். இங்குள்ள தமிழ்க் கடைகளில் ஒடியல் மாவிலிருந்து பனங்கட்டிவரை எல்லாம் வாங்கலாம். ஆனால் இவற்றைச் சப்ப முடியாத ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது என்று சொல்பவர் குறைவு. கையில் கிடைக்கும் ஆங்கிலத் துண்டுப்பிரசுரங்கள் மசித்த உருளைக்கிழங்கையும் அப்பிள் கூழையும் தாண்டுவதில்லை. நான் வைத்தியனோ உணவியலாளனோ அல்லன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அம்மம்மாவுக்குச் சமைக்கும் வீட்டில் இருப்பதால் இவற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பல் இல்லாதவருக்குச் சப்புவது மட்டுமே சிரமம். அவரது நாக்கும் தொண்டையும் தம் வேலையைச் செய்கின்றன. மறதிநோயில் வாய்க்குள் உணவு இருப்பதே மறந்துபோகலாம். கன்னத்துக்குள் சோற்றை ஒதுக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருப்பார்கள். சப்பிக்கொண்டே இருப்பார்கள், விழுங்கமாட்டார்கள். சாப்பிட்டபின் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்தல், காரணமின்றி உடல் மெலிதல், திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல் என்பன எச்சரிக்கைகள். இந்நிலையில் எந்தப் பதத்தில் உணவு கொடுப்பது என்பதை ஒரு பேச்சுமொழிச் சிகிச்சையாளர் நேரில் பார்த்தே சொல்லவேண்டும். பெயரில் பேச்சு இருந்தாலும், விழுங்குவதைச் சோதிப்பதும் அவர்கள்தான். ஒன்ராறியோவில், 2024 ஜூன் முதல் இயங்கும் 'ஒன்ராறியோ ஹெல்த் அற் ஹோம்' மூலம் இவர்களை வீட்டுக்கே வரவழைக்கக் கேட்கலாம். குடும்ப வைத்தியர் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம்.

அவர்கள் ஓர் எண்ணைச் சொல்வார்கள்: "4 ஆம் நிலை", "5 ஆம் நிலை" என்று. இந்த எண்கள் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோலைச் சேர்ந்தவை. முன்பெல்லாம் நாட்டுக்கு நாடு, வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வெவ்வேறு சொற்கள். ஒருவரின் "மசித்தது" இன்னொருவரின் "நறுக்கியது". இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2013 இல் ஒரு குழு அமைந்தது. ரொறன்ரோ புனர்வாழ்வு நிலையத்தில் விழுங்குதலை ஆராயும் கற்றியோனா ஸ்ரீலும் அதில் ஒருவர். கனடா 2019 முதல் இதற்கு மாறத் தொடங்கியது. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்றால் தண்ணீர். 7 என்றால் வழமையான சாப்பாடு. 4 ஆம் நிலை சப்பவே தேவையில்லாத மசியல். 5 ஆம் நிலையில் 4 மில்லிமீற்றருக்கு மேற்படாத, ஈரமான துணுக்குகள் இருக்கலாம். சாதாரண முள்ளுக்கரண்டியின் இரு பற்களுக்கிடையிலான இடைவெளி ஏறத்தாழ அதே 4 மில்லிமீற்றர்தான்.

பொறியியல் படித்தவன் என்ற முறையில் இந்த அளவுகோலில் எனக்குப் பிடித்தது, இதற்கு ஆய்வுகூடம் எதுவும் வேண்டியதில்லை என்பது. திரவமானால், ஊசியில்லாத 10 மி.லீ. சிறிஞ்சில் நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கவேண்டும். 1 மி.லீ. க்குக் குறைவாக மிஞ்சினால் 0 ஆம் நிலை, 8 க்கு மேல் மிஞ்சினால் 3 ஆம் நிலை, ஒழுகவே இல்லையென்றால் 4 ஆம் நிலை. மசியலானால் கரண்டியில் எடுத்துச் சரிக்கவேண்டும். உருவம் குலையாமல் நின்று, மெல்ல உதறியதும் முழுதாக வழுக்கி விழவேண்டும். கரண்டியோடு ஒட்டிக்கொண்டால் தொண்டையோடும் ஒட்டும். முள்ளுக்கரண்டி இல்லாத வீடுகளுக்காக விரலால் பார்க்கும் சோதனையும் உண்டு. கையால் குழைத்துத் தீத்தும் எங்கள் தாய்மார் காலங்காலமாகச் செய்தது இதைத்தான்.

இனி எங்கள் அடுக்களைக்கு வருவோம். சுகமில்லாதவருக்குக் கஞ்சி என்பது எம்மவரிடம் ஆழ வேரூன்றிய எண்ணம். ஆனால் விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சாதாரண கஞ்சி ஆபத்தான உணவுகளில் ஒன்று. அதில் நீர் வேறு, பருக்கை வேறு. நாக்கு பருக்கையைத் திரட்டிக்கொண்டிருக்கையில் நீர் முந்திக்கொண்டு தொண்டையில் இறங்கிவிடும். ரசம் விட்ட சோறும், சொதியில் மிதக்கும் இடியப்பமும் இதே வகைதான். மென்மையாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் வேண்டியது, ஒன்றாகத் திரண்டு ஒன்றாக வழுக்கிப்போகும் தன்மை. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தையும் இந்த இடத்தில் கைவிடவேண்டும். பாண் வாய்க்குள் பசையாகி அடைத்துக்கொள்ளும். புட்டு உதிரும். உழுத்தங்களி ஒட்டும். சவ்வரிசி வழுக்கும், ஆனால் மணிமணியாக.

அப்படியானால் சோற்றை பிளென்டரில் போட்டு அடித்துவிடலாமே என்று தோன்றும். அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுவரொட்டி ஒட்டும் பசையாகிவிடும். அரிசியின் மாப்பொருள் வெளிப்பட்டு ஒன்றோடொன்று பிணைவதால் வருவது இது. ஜப்பானில் இந்தப் பிணைப்பை அறுக்க நொதி கலந்த தூள்களே விற்கிறார்கள். நாங்கள் வேறு வழியில் போகலாம். அரிசியின் அளவைக் குறைத்து, மைசூர்ப் பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, சூடாறுமுன் நெய்யும் தேங்காயின் முதற்பாலும் விட்டு அடித்தால் ஒட்டுந்தன்மை வெகுவாகக் குறையும். பின்னர் கம்பி வடியால் அழுத்தி வடிக்கவேண்டும். அந்த வடியில் மிஞ்சும் பருப்புத்தோலைப் பார்த்தால் ஏன் வடிக்கவேண்டும் என்று புரியும்.

கஞ்சியில் இன்னொரு விடயமும் உண்டு. ஆறும்போது இறுகும், சூடாக்கினால் இளகும். ஆகவே பதத்தை அடுப்பில் அல்ல, கொடுக்கும் சூட்டில் சோதிக்கவேண்டும். எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாப்பொருளைக் கரைக்கும். வாய்க்குப் போன கரண்டி திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் வந்தால், சாப்பாடு முடியுமுன்னே கஞ்சி தண்ணீராகியிருக்கும். சிறுகச் சிறுக வேறு கோப்பையில் எடுத்துக் கொடுப்பது நல்லது. மருந்துக்கடையில் விற்கும் சாந்தன் பசைத் தூளை எச்சில் கரைப்பதில்லை.

ஒடியற் கூழைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாழ்ப்பாணத்தார் மன்னிக்கமாட்டார்கள். நண்டுக்கால், மீன்முள், பலாக்கொட்டை, பயற்றங்காய் என்று பார்த்தால் ஒரு பானைக்குள் இத்தனை அபாயம் வேறெதிலும் இல்லை. ஆனால் கூழின் சுவை அதன் நீரில் அல்லவா இருக்கிறது! எல்லாவற்றையும் அவித்து, அந்த நீரை மட்டும் இரண்டு தடவை வடித்தெடுத்து, கரைத்த ஒடியல் மாவையும் செத்தல்மிளகாய்க் கூட்டையும் புளியையும் விட்டுக் காய்ச்சினால் தானாகவே தடிக்கும். முள்ளில்லாத மீன் துண்டு ஒன்றைத் தனியாக அடித்து அதில் கலக்கலாம். அம்மம்மா எங்கள் பெயர்களை மறந்து வெகுகாலம். இதன் மணத்துக்கு மட்டும் வாயைத் திறக்கிறா.

சத்துக் கணக்குக்கு வருவோம். மசிக்க நீர் சேர்க்கச் சேர்க்க வயிறு நிறையும், சத்துக் குறையும். 40 கிராம் அரிசியில் 400 மி.லீ. கஞ்சி காய்ச்சினால் சுமார் 140 கலோரி, 3 கிராம் புரதம். அதே கஞ்சியில் 20 கிராம் மைசூர்ப் பருப்பு, கொதிக்கும்போது அடித்து ஊற்றிய ஒரு முட்டை, 50 மி.லீ. முதற்பால், ஒரு தேக்கரண்டி நெய் என்பன சேர்ந்தால் சுமார் 425 கலோரி, 15 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1500 கலோரியும் 50 முதல் 60 கிராம் புரதமும் தேவை. மூன்று வேளை வெறுங்கஞ்சி எங்கே, இது எங்கே என்று நீங்களே பாருங்கள். இனிப்பில் வட்டிலப்பத்தை மிஞ்ச ஒன்றில்லை. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி. கஜு போடாமல் அவித்து வடியில் அழுத்தி எடுத்தால் போதும். தாளிதத்தையும் விடவேண்டியதில்லை. கடுகும் கறிவேப்பிலையும் பொரிந்த எண்ணெயை மட்டும் வடித்து மேலே விடுங்கள். முதுமையிலும் இந்நோயிலும் மணம் அறியும் சக்தி குறைவதால், வாசம் தூக்கலாக இருப்பதே நல்லது.

ஒரு வேண்டுகோள்: கறி, பருப்பு, சோறு எல்லாவற்றையும் ஒன்றாக அடித்துப் பழுப்பு நிறச் சேறாக்காதீர்கள். பூசணி மஞ்சளாகவும் கீரை பச்சையாகவும் தனித்தனியே இருக்கட்டும். 2004 இல் பொஸ்ரன் ஆராய்ச்சியாளர்கள், அல்சைமர் முற்றிய ஒன்பது பேருக்கு வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புப் பாத்திரங்களில் கொடுத்துப் பார்த்தபோது, உணவு 25 விழுக்காடும் பானம் 84 விழுக்காடும் கூடுதலாக உள்ளே போயிற்று. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வெள்ளைக் கோப்பையில் வெள்ளைக் கஞ்சியை வைத்துவிட்டு "சாப்பிடுறா இல்லை" என்று குறைப்படும் எங்களுக்கு அது போதும்.

ஊட்டும்போது நிமிர்த்தி இருத்தவேண்டும். சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. தேக்கரண்டி அளவு, விழுங்கியதைக் கண்டபின்னரே அடுத்தது. தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். இவற்றைவிட முக்கியமானது, பலரும் பொருட்படுத்தாதது, வாயைத் துப்புரவாக வைத்திருத்தல். உள்ளே இறங்கும் எச்சிலோடு கிருமிகளும் இறங்குவதே நியூமோனியாவுக்கு வழி. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 1999 இல் 'லான்செற்' இதழில் வந்த ஆய்வு, ஒழுங்காக வாய் துலக்கிவிடப்பட்டவர்களிடம் நியூமோனியா குறைந்ததைக் காட்டியது. பல்லே இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

தண்ணீரைத் தடிப்பாக்கிக் கொடுப்பதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. டிமென்சியா அல்லது பார்க்கின்சன் உள்ள 515 பேரைக் கொண்டு 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தடிப்பாக்கிய பானம் குடித்தவர்களுக்கும் நாடியைத் தாழ்த்திச் சாதாரண பானம் குடித்தவர்களுக்கும் மூன்று மாதங்களில் நியூமோனியாவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தடித்த நீரைப் பலர் விரும்பிக் குடிப்பதுமில்லை, உடல் வறண்டுபோகும். இதைச் சிகிச்சையாளரிடம் கேட்டே முடிவெடுக்கவேண்டும்.

பின்னர் ஒரு நாள் வாயைத் திறக்காத நிலை வரும். வயிற்றில் குழாய் போடுவதா என்று வைத்தியசாலையில் கேட்பார்கள். "பட்டினி போட்டுக் கொல்லுறதோ" என்று குடும்பம் இரண்டாகப் பிரியும். முற்றிய டிமென்சியாவில் குழாய் ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்றில்லை என 2009 இலும் 2021 இலும் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள் கூறின. குழாய் போட்டாலும் எச்சில் நுரையீரலுக்குள் இறங்குவது நிற்பதில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014 இல் வெளியிட்ட நிலைப்பாடு, குழாய்க்குப் பதிலாகக் கவனமாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. வேண்டும் மட்டும், விரும்பும் மட்டும். இதைக் குடும்பத்தில் முன்கூட்டியே, எல்லோரும் அமைதியாக இருக்கும்போது பேசிவைப்பது நல்லது.

முதியோர் இல்லத்தில் சேர்த்தவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ நீண்டகாலப் பராமரிப்புச் சட்ட விதிகளின்படி, இல்லத்தின் உணவுப் பட்டியல் குறைந்தது 21 நாட்சுழற்சி கொண்டதாகவும், பதம் மாற்றிய உணவுகளுக்கும் தனிப்பட்டியல் உள்ளதாகவும் இருக்கவேண்டும். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சீனர்கள் 1994 இல் ஸ்காபரோவில் யீ ஹொங் இல்லத்தைத் திறந்து தம் சாப்பாட்டுக்கு வழிசெய்துகொண்டார்கள். எங்கள் பெரியவர்கள் பலர் பொதுவான இல்லங்களிலேயே இருக்கிறார்கள். ஆகவே அங்குள்ள உணவியலாளருக்கு ஒரு தாளில், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள்: பருப்பு, பூசணி, தேங்காய்ப்பால், சீரகம், உள்ளி, எந்த நிலை, எத்தனை மணிக்கு, மரக்கறியா மச்சமா. வீட்டிலிருந்து கொண்டுபோக அனுமதி கிடைத்தால், பாத்திரத்தின் மூடியில் நிலையின் எண்ணையும் சமைத்த திகதியையும் ஒட்டிவிடுங்கள். கரண்டியைச் சரித்துப் பார்க்கும் சோதனையை, சூடாக்கியபின் அங்கேயும் ஒருமுறை செய்யவேண்டும்.